ஐந்து துண்டும் ஒரு கொப்பியும்



அண்மையில் ஒருநாள் மண்டைதீவுச் சந்தியில் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். நல்ல வெயில். பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா சொப்பிங் பை ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி மதகில் குந்தியிருந்தார்.

"எங்கையம்மா போறியள்?" என்று கேட்டேன்.

"கிளினிக்குக்குத்தான் பிள்ளை. பிறசருக்கும் சீனிக்கும் குளிசை முடிஞ்சுது."

பஸ் வரச் சுணங்கியது. அம்மா பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஐந்து துண்டுகள். ஒன்று அரச கிளினிக் கொப்பி. ஒன்று சிஸ்டர்மார் நடத்தும் மருந்தகத்தின் சின்ன அட்டை. ஒன்று ஊரில் நடந்த இலவச மருத்துவ முகாமில் எழுதிக் கொடுத்தது. ஒன்று கண் பரிசோதனைத் துண்டு. கடைசித் துண்டு மன ஆற்றுப்படுத்தலுக்கு வரச் சொல்லித் திகதி போட்டுக் கொடுத்தது.

"இந்த முகாமிலை தந்த குளிசையாலை நான் செத்துப் பிழைச்சனான்" என்றார். கிளினிக்கில் கொடுத்த பிறசர் குளிசையும் முகாமில் கொடுத்த குளிசையும் வேறு வேறு என்று நினைத்து, அம்மா இரண்டையும் போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் கிணற்றடியில் தலை சுற்றி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள்.

"இரண்டும் ஒரே மருந்தாம் பிள்ளை. பேர்தான் வேறையாம். ஒருத்தரிலையும் பிழையில்லை. எல்லாரும் நல்லதுக்குத்தான் தந்தவை. ஆனா ஒருத்தர் தந்தது மற்றவைக்குத் தெரியேல்லை."

அந்தக் கடைசி வசனம் பஸ்ஸில் ஏறிய பின்பும் என்னை விடவில்லை. எங்கள் பகுதிகளில் உதவுகிற கைகளுக்குக் குறைவில்லை. அரச வைத்தியசாலை இருக்கிறது, துறவற சபைகள் இருக்கின்றன, தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன, வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கங்களும் முகாம் நடத்துகின்றன. ஆனால் ஒரு கைக்கு மறு கையைத் தெரியாது. அந்த இடைவெளியில் விழுகிறவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாகத்தான் இருக்கிறார்.

உதவுகிறவர்கள் ஒருவரையொருவர் அறிந்து சேர்ந்து நின்றால் என்ன நடக்கும்? எண்பது வருடங்களுக்கு முன்னர் இந்தியாவில் ஒரு பெண் வைத்தியர் இந்தக் கேள்விக்குப் பதில் தேடினார். அவருடைய கதையை இம்மாதம் உங்களோடு பகிர விரும்புகிறேன்.

தடை நீக்கிய பெண்கள்

கதை அவருக்கும் முன்னரே தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ராவல்பிண்டியில், ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அக்னஸ் மக்லாரன் என்ற பெண் வைத்தியர் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வைத்தியசாலை அமைய வழி செய்தார். அங்கே திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்கள் ஆண் வைத்தியர் முன் வரமாட்டார்கள். பிள்ளைப்பேற்றில் சிக்கல் வந்தால் வீட்டிலேயே இறந்து போவார்கள். அவர்களிடம் போகக்கூடியவர்கள் பெண்கள்தான். கன்னியர் மடங்களில் பெண்கள் இருந்தார்கள். ஆனால் துறவறப் பெண்கள் வைத்தியத் தொழில் செய்வதற்கும் பிரசவம் பார்ப்பதற்கும் அன்றைய திருச்சபைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

மக்லாரன் அம்மையார் முதிய வயதிலும் பலமுறை உரோமாபுரி சென்று இந்தத் தடையை நீக்கும்படி கேட்டார். கேட்டது கிடைக்காமலே 1913இல் காலமானார். அவருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்த அன்னா டெங்கல் என்ற ஒஸ்ரியப் பெண் அவரை நேரில் கண்டதேயில்லை. ஆனாலும் மருத்துவம் படித்து 1920இல் அதே ராவல்பிண்டிக்கு வந்து சேர்ந்தார். 1925இல் மருத்துவப் பணிக்கென்றே ஒரு பெண்கள் சபையை ஆரம்பித்தார். 1936இல் திருச்சபை அந்தத் தடையை நீக்கியது. ஒரு பெண் கேட்டதை இன்னொரு பெண் விடாமல் பிடித்திருந்தபடியால்தான் கதவு திறந்தது.

மக்லாரன் அம்மையாரைப் பற்றிய சிறு நூல் ஒன்று அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் இன்னொரு வைத்தியரின் கையில் கிடைத்தது. அவர் பெயர் மேரி குளோறி. 1887இல் பிறந்தவர், 1910இல் வைத்தியராகி, கண் வைத்தியத்தில் நல்ல பெயர் எடுத்திருந்தவர். அந்த நூலைப் படித்த பின் அவர் மனம் மாறியது. 1920இல் கப்பலேறி ஆந்திரப் பகுதியின் குண்டூருக்கு வந்து, இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். தடை இன்னும் நீங்காத காலம் அது. ஆகவே கன்னியராக இருந்துகொண்டே வைத்தியம் செய்யப் பாப்பரசரின் விசேட அனுமதி பெற வேண்டியிருந்தது.

குண்டூரில் அவர் தெலுங்கு படித்தார். சிறிய மருந்தகம் வைத்தியசாலையாக வளர்ந்தது. உள்ளூர்ப் பெண்களைத் தாதியராகவும் மருத்துவமாதுகளாகவும் மருந்து கலப்பவர்களாகவும் பழக்கினார். வைத்தியர் ஒருவர் எத்தனை ஊருக்குத்தான் போக முடியும்? பழக்கப்பட்ட பெண் ஒருத்தி ஊருக்கு ஊர் இருந்தால் வைத்தியம் தானே நடந்து வரும்.

பதினாறு கன்னியர் கூடினார்கள்

குண்டூரைப் போல இந்தியா முழுவதும் கன்னியர் நடத்திய வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் இருந்தன. ஒவ்வொரு சபையும் தன்பாட்டில் இயங்கியது. ஓரிடத்தில் கற்ற பாடம் அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. அந்தக் கன்னியர்களை ஒரு மேசையில் கூட்ட வேண்டும் என்று சிஸ்டர் மேரி நினைத்தார். 1943இல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில் பதினாறு கன்னியருடன் ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். இன்று இந்திய கத்தோலிக்க சுகாதாரச் சங்கம் என்று அழைக்கப்படுவது அதுதான். இப்போது 3,500க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதில் உறுப்பினராக இருக்கின்றன. பெருவாரியானவை நகரத்துப் பெரிய வைத்தியசாலைகள் அல்ல. பஸ் கடைசியாக நிற்கும் ஊர்களில் இரண்டு மூன்று சிஸ்டர்மார் நடத்தும் சிறிய மருந்தகங்கள்.

வைத்தியர்களைப் பயிற்ற ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பதும் சிஸ்டர் மேரியின் ஆசை. அவர் 1957இல் பெங்களூரில் காலமானார். கல்லூரி அதே பெங்களூரில் 1963இல் புனித யோவான் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது. அங்கே படித்து வெளியேறும் வைத்தியர்கள் பின்தங்கிய கிராமங்களில் இரண்டு வருடம் பணிசெய்ய வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது.

தாதியருக்கும் ஒரு சங்கம் உண்டு. கன்னியராக இருக்கும் வைத்தியர்களுக்கு 1993இல் ஒரு மன்றம் வந்தது. எச்.ஐ.வி. தொற்றையும் அதனோடு சேர்ந்த நோய்களையும் கவனிக்க ஆயர் பேரவையின் கீழ் ஒரு கூட்டமைப்பு வந்தது. இவையெல்லாம் ஒன்றையொன்று முட்டாமல் இருக்க ஆயர் பேரவையின் சுகாதார அலுவலகம் நடுவில் நின்று கூட்டுகிறது. 2005இல் சுகாதாரத்துக்கு ஒரு பொதுக் கொள்கையும், எச்.ஐ.வி. பற்றித் தனியாக ஒரு கொள்கையும் வெளியிட்டார்கள். குடும்பமும் ஊரும் ஒதுக்கிய நோயாளரை எங்கள் வாசலில் திருப்பி அனுப்பக்கூடாது என்பதை எல்லா நிறுவனங்களும் ஒரே குரலில் ஏற்றுக்கொள்ள அது உதவியது. காசநோய்த் திட்டத்திலும் இரண்டு கத்தோலிக்க அமைப்புகள் மாவட்டங்களைப் பங்கிட்டுக்கொண்டு அரசின் திட்டத்தோடு இணைந்து வேலை செய்தன. 2020இல் கொரோனா வந்தபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் ஆயத்தமாக இருக்கின்றன என்று அரசிடம் ஒரே வாயால் சொல்லக்கூடியதாக இருந்தது. எத்தனை இடம், எத்தனை கட்டில், எத்தனை தாதியர் என்ற கணக்குக் கையில் இருந்தபடியால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

இதில் குறையும் உண்டு. சேர்ந்து நிற்பது எளிதல்ல. ஒவ்வொரு சபைக்கும் தன் பெயர், தன் கட்டடம், தன் உதவியாளர் என்ற பற்று இருக்கும். கருத்தடை போன்ற சில சேவைகளைக் கத்தோலிக்க நிறுவனங்கள் கொடுப்பதில்லை. அது அவர்களின் போதனை. அந்தச் சேவை வேண்டிய சகோதரி வேறு இடத்துக்குத்தான் போக வேண்டும். எந்த இடத்தில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்திருப்பதும் சேர்ந்து வேலை செய்வதன் ஒரு பகுதியே.

எங்கள் பக்கம்

இலங்கையிலும் இந்தப் பணிக்கு வயது அதிகம். திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். பிரான்சிஸ்கன் மரியின் மறைபரப்புக் கன்னியர் 1886இல் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் நோயாளரைப் பராமரிக்க வந்தார்கள். அரச வைத்தியசாலைகளில் வெள்ளை உடுப்போடு நின்ற அந்தக் கன்னியரின் சேவை 1960களில் நிறுத்தப்பட்டது. அதன் பின்பு அவர்களின் பணி மருந்தகம், முதியோர் இல்லம், ஆற்றுப்படுத்தல் என்று வேறு வழிகளில் தொடர்ந்தது.

ஆனால் இந்தியாவுக்கும் எங்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இங்கே அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இன்று நாடு முழுவதும் இருக்கிறது. அதன் கடைசிக் கை எங்கள் படலை வரை வருகிற குடும்பநல மருத்துவமாது. ஆகவே இங்கே திருச்சபை அமைப்புகள் செய்ய வேண்டியது இன்னொரு வைத்தியசாலை கட்டுவது அல்ல. கிளினிக்குக்கும் வீட்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் குறைப்பதுதான்.

அப்படிச் சேர்ந்து நின்ற அனுபவமும் எங்களுக்கு உண்டு. 1968இல் தொடங்கிய செடெக் நிறுவனம் கொழும்பிலிருந்து தேசிய அளவில் இயங்குகிறது. யாழ்ப்பாணத்தில் கியூடெக், மன்னாரில் வாழ்வுதயம், மட்டக்களப்பில் எகெட் என மறைமாவட்டம் தோறும் அதன் கைகள் இருக்கின்றன. 2004ஆம் ஆண்டு மார்கழி 26இல் கடல் பொங்கியபோது இந்த வலை எவ்வளவு பயன்பட்டது என்பதைக் கரையோரச் சகோதரிகள் அறிவீர்கள். அழிவின்போது கூடிய கைகள் அழிவு ஓய்ந்ததும் கலைந்து போகாமல் இருப்பதுதான் சிரமம்.

மண்டைதீவைச் சுற்றியுள்ள கடலும் நிலமும் எத்தனை கண்ணீரைக் கண்டவை! 10.6.1986 அன்று மண்டைதீவுக் கடலில் குருநகர்த் தொழிலாளர்கள் 31 பேர் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். 1990 ஆவணியில் படையினர் தீவுப் பகுதிக்கு வந்தபோது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட ஆண்கள் பலர் திரும்பி வரவில்லை. 13.8.2006 அன்று அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்தன. அந்த மக்களை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுசெல்ல முன்னின்ற பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் ஒரு வாரத்தில் தாமும் காணாமற்போனார்.

இந்த ஊர்களில் ஒரு பெண்ணுக்கு நித்திரை வராவிட்டால், நாரி நோவு மாறாவிட்டால், பிறசர் இறங்காவிட்டால், அதைக் குளிசையால் மட்டும் தீர்க்க முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடம்பைப் பார்க்கும் கிளினிக்கும் மனதைப் பார்க்கும் ஆற்றுப்படுத்துநரும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

எதைப் பகிர்வது, எதைப் பகிராமல் இருப்பது

ஆனால் இங்கே ஒரு பயமும் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் என்றால் எங்கள் சனம் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. யார் வீட்டில் யார் இல்லை, யார் எங்கே போனார் என்று எழுதிய தாள் யார் கையில் போகும் என்று தெரியாது. ஐந்து அமைப்புகள் கூடி ஒரு பெண்ணைப் பற்றிய எல்லா விபரத்தையும் ஒரு கோவையில் போட்டால், அவள் வாயைத் திறப்பாளா?

ஆகவே பகிர்வதற்கு ஓர் எல்லை வேண்டும். மருந்தின் பெயர், அளவு, ஒவ்வாமை, அடுத்த கிளினிக் திகதி ஆகியவை வைத்தியம் பார்க்கும் எல்லோருக்கும் தெரியத்தான் வேண்டும். தெரியாவிட்டால் உயிருக்கு ஆபத்து. கணவனுக்கு என்ன நடந்தது, முகாமில் என்ன நடந்தது, வீட்டில் யார் அடிக்கிறார் என்பவை அவளுடைய சொத்து. அவள் விரும்பிய ஒருவரிடம், அவள் விரும்பிய நேரத்தில் சொல்வாள். அவளுடைய சம்மதம் இல்லாமல் அது இன்னொரு மேசைக்குப் போகக்கூடாது. ஐந்து இடத்தில் ஐந்து தரம் தன் கதையைச் சொல்லி அழ வைப்பதும் உதவி அல்ல. அது ஆறிய புண்ணைக் கிளறுவது.

அமைப்புகள் கூடும்போது அந்தக் கூட்டத்தில் ஊர்ப் பெண்களும் இருக்க வேண்டும். அன்று கூடிய பதினாறு பேரும் நோயாளரின் கட்டிலருகில் நின்ற பெண்கள். எந்த நாளில் மீன் சந்தை, எந்த நேரத்தில் பஸ் இல்லை, எந்த வீட்டில் நடக்க முடியாத ஆச்சி இருக்கிறார் என்பது மாதர் சங்கத்துப் பெண்ணுக்குத்தான் தெரியும். ஒரு கிழமையில் இரண்டு முகாமும் அடுத்த ஆறு மாதம் ஒன்றுமில்லாமலும் இருப்பதை அவளால்தான் தடுக்க முடியும்.

நாங்கள் செய்யக்கூடியவை

பெரியவர்கள் கூடும் வரை நாங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

• எல்லாத் துண்டுகளையும் ஒரே பையில் வையுங்கள். எந்த வைத்தியரிடம் போனாலும், முகாமுக்குப் போனாலும், பாவிக்கும் குளிசைகளை மட்டையோடு கொண்டு போங்கள்.

• புதிய மருந்து தந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எந்த வருத்தத்துக்கு? நான் பாவிக்கிற எதற்குப் பதிலாகவா, அல்லது அதோடு சேர்த்தா? எத்தனை நாளைக்கு? கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

• பிறசர், சீனிக் குளிசைகளை உடம்பு சுகம் என்று நினைத்து நீங்களாகவே நிறுத்தாதீர்கள். அயலவரின் குளிசையைக் கடன் வாங்காதீர்கள்.

• 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்கென்று சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் நடத்தும் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். திகதியை உங்கள் மருத்துவமாதுவிடம் கேளுங்கள். ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு அந்த நோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் பாடசாலையில் போடப்படுகிறது. பிள்ளைக்குப் போட விடுங்கள்.

• மனம் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். வீட்டில் வன்முறை என்றால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பெரிய அரச வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ என்று ஓர் அறை இருக்கும். அங்கே போய்ப் பேசலாம்.

• ஊரில் யாராவது முகாம் நடத்த வந்தால், "எங்கடை மருத்துவமாதுவுக்குச் சொன்னீங்களா?" என்று மாதர் சங்கம் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியே இரண்டு கைகளைச் சேர்த்து வைக்கும்.

அன்று பட்டணத்தில் பஸ்ஸால் இறங்கியதும், அந்த அம்மாவுக்கு எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நிலைய வாங்கில் இருந்து முதற் பக்கத்தில் அவருடைய பெயரை எழுதினேன். அடுத்த பக்கத்தில் ஐந்து துண்டுகளையும் பார்த்து, குளிசைகளின் பெயரையும் அளவையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். ஆற்றுப்படுத்தல் துண்டு வந்தபோது திகதியை மட்டும் எழுதச் சொன்னார்.

"மற்றது எழுத வேண்டாம் பிள்ளை. அதை நான் அந்த சிஸ்டரிட்டை மட்டும்தான் சொல்லுறனான்."

கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளினிக் பக்கமாக நடந்து போனார். சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இன்றைக்கே ஒரு கொப்பியைத் தொடங்குங்கள். எழுதத் தெரியாத ஆச்சிமாருக்கு உங்கள் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.